நோய் தொடங்கிய நாள்

“உதடு உடம்புக்கு வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா?”

மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் எதிர்த்தரப்பு சீனியர் இப்படிக் கேட்டதும், பின்வரிசையில் வாஷிங் மெஷின் வழக்குக்காக உட்கார்ந்திருந்த இருவர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷமாகக் காப்பீட்டு நிறுவனங்களுக்கே ஆஜராகி வருபவர் அவர். விளையாட்டுக்குக் கேட்கிற ஆள் இல்லை. உதடு வெளியே இருக்கிறது என்று மன்றம் தலையாட்டிவிட்டால் என் கட்சிக்காரருக்கு 3 லட்சம் ரூபாய் போய்விடும்.

கட்சிக்காரர் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். 2013 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். மஞ்சப்பை நிறைய ஆஸ்பத்திரிக் காகிதம். கூடவே மனைவி, தோளில் நான்கு மாதக் கைக்குழந்தை. குழந்தைக்கு அப்போதுதான் கழுத்து நின்றிருந்தது. சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்ததால் நெஞ்சுக்குழிக்கு மேலே நேராக ஓடிய தழும்பின் நுனி தெரிந்தது.

ஆகஸ்டில் ஊரிலேயே ஒரு நர்சிங் ஹோமில் பிறந்த பையன். எடை 3 கிலோ 100 கிராம், நல்ல அழுகை, எல்லாருக்கும் சந்தோஷமாகச் சர்க்கரை வழங்கியாயிற்று. இரண்டாம் நாள் சாயங்காலம் பாட்டிதான் முதலில் கவனித்திருக்கிறார்: பால் குடிக்கக் குடிக்கப் பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிறது, நகமும் அப்படியே. ஆக்சிஜன் வைத்தார்கள். நிறம் மாறவில்லை. ஆக்சிஜன் வைத்தும் நீலம் தெளியாத குழந்தைக்கு நுரையீரலைவிட இதயத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டுமாம். அந்தச் சின்ன நர்சிங் ஹோம் டாக்டருக்கு அது தெரிந்திருந்தது. இந்த வழக்கில் நான் மனதுக்குள் கும்பிட்ட முதல் ஆள் அவர். ஒரு மணி நேரத்தில் கோயம்புத்தூருக்கு ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது.

அங்கே எக்கோ எடுத்தார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெருங்குழாய்கள் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. உடம்புக்குப் போக வேண்டிய குழாய் வலது அறையிலிருந்தும், நுரையீரலுக்குப் போக வேண்டியது இடது அறையிலிருந்தும் கிளம்பின. கெட்ட ரத்தம் உடம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது, நல்ல ரத்தம் நுரையீரலுக்குள்ளேயே சுற்றி வருகிறது. இரண்டும் கலக்க ஒரு வழி இருக்கும்வரைதான் உயிர். அந்த வழி அடைபடாமல் இருக்க மருந்தைச் சொட்டு சொட்டாக ஏற்றி, இரவோடு இரவாக ரத்தக்குழாய் வழியே பலூனைச் செலுத்தி மேலறைகளுக்கு நடுவே இருந்த சின்ன ஓட்டையைப் பெரிதாக்கினார்கள். பதினோராம் நாள் ஆபரேஷன். பில் 3,72,000 ரூபாய்.

“முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல போகலியா?” என்று கேட்டேன்.

“வருஷ வருமானம் 72,000-க்குள்ள இருக்கணும்னாங்க சார். எனக்கு மாசச் சம்பளமே 14,000.”

ஏழை என்று சொல்லிக்கொள்ளவும் முடியாத, பணக்காரனாகவும் இல்லாத இந்த நடுவாந்தரக் கூட்டம்தான் என் ஆபீஸுக்கு அதிகம் வரும். ஆனால் மில் நிர்வாகம் அந்த வருஷம் மே 1 முதல் ஒரு குழுக் காப்பீடு எடுத்திருந்தது. கூடுதல் பிரீமியம் கட்டி, ‘பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு, வரம்பு 3 லட்சம்’ என்று ஒரு ஷரத்தும் வாங்கியிருந்தார்கள். அந்தத் தெம்பில்தான் மனைவியின் நகை அடகுக்குப் போனது, தம்பியின் ஆட்டோ ஆர்.சி. புத்தகம் வட்டிக்காரரிடம் போனது.

காப்பீட்டு நிறுவனத்தின் பதில் ஏழே வரி. வெளியே தெரியும் பிறவிக் கோளாறுகளுக்குப் பாலிசியில் இடமில்லை, ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

எனக்குச் சுலபமான வழக்காகத் தோன்றியது. பிறவிக் கோளாறில் அகம், புறம் என்று காப்பீட்டுக்காரர்கள் இரண்டு வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பது புறம்; அப்படி இல்லாதது அகம். உதட்டுப் பிளவு புறம், ஆறாவது விரல் புறம். மார்புக்கூட்டுக்குள் கிடக்கிற இதயத்தை யாராவது புறம் என்பார்களா? குமாஸ்தா பையன் எழுதியிருந்தால்கூட ஜெயித்துவிடுகிற மனு என்று நினைத்தேன்.

சீனியரோ கோளாறு எங்கே இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எங்கே தெரிகிறது என்று பிடித்துக்கொண்டார். குழந்தையின் உதடு நீலமானதைப் பாட்டி கண்ணால் பார்த்திருக்கிறார். உதடு வெளியே இருக்கிறது. ஆகவே கோளாறு வெளியே தெரிந்தது. ஆகவே புறக்கோளாறு.

மன்றத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மஞ்சக்காமாலையில கண்ணு மஞ்சளாகுது. அதுக்காகக் கல்லீரல் வெளிய வந்துடுமா சீனியர்?”

இப்போது முன்வரிசையும் சிரித்தது. சீனியரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கூடுதல் பதிலுரை ஒன்றையும், அதோடு ஒரு தாளையும் நீட்டினார். அந்தத் தாள் பிற்பாடு பி3 என்று குறியீடு செய்யப்பட்டது. என் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான்.

அது ஒரு ஸ்கேன் அறிக்கை. 2013 ஏப்ரல் இரண்டாம் வாரம், கர்ப்பத்தின் 22-ஆவது வாரத்தில் எடுத்தது. கை, கால், தலை, வயிறு எல்லாம் சரி. கடைசி வரியில் மட்டும் ஒரு குறிப்பு: குழந்தை முதுகைக் காட்டிக் கிடப்பதால் இதயம் முழுமையாகத் தெரியவில்லை, இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்கவும்.

பாலிசி தொடங்கியது மே 1. பாலிசி எடுப்பதற்கு முந்தைய 48 மாதங்களுக்குள் ஒரு நோய்க்கு அறிகுறியோ, கண்டுபிடிப்போ, மருத்துவ ஆலோசனையோ இருந்திருந்தால் அது ‘முன்பே இருந்த நோய்’. இது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2013-இல் தரப்படுத்திக் கொடுத்த, அன்று நடப்பில் இருந்த வரையறை. ‘மறுபடி பார்க்கவும்’ என்பது மருத்துவ ஆலோசனை இல்லையா என்று சீனியர் கேட்டார். நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தை வழக்கு வந்த பிறகு புதிதாகச் சொல்லக் கூடாது என்று நான் ஆட்சேபித்தேன். கடிதத்தைத் தாண்டிக் காப்பீட்டு நிறுவனம் போக முடியாது என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்த்துச் சொன்னது. அன்றைக்கு என் கையில் அது இல்லை. கூடுதல் பதிலுரை ஏற்கப்பட்டது.

நேர்மையாகச் சொல்வதென்றால், சீனியரின் வாதம் அபத்தமானதில்லை. எரிகிற வீட்டுக்கு யாரும் காப்பீடு தர மாட்டார்கள். பிறவிக் கோளாறு என்ற சொல்லிலேயே பிறக்கும்போதே இருந்தது என்ற அர்த்தம் உட்கார்ந்திருக்கிறது. நானே நீதிபதியாக இருந்தால் யோசித்திருப்பேன்.

அன்று சாயங்காலம் கட்சிக்காரரை வரவழைத்தேன். தாளை மேஜைமேல் வைத்து, “இதப் பத்தி ஏன் எங்கிட்டச் சொல்லல?” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண் தலையை நிமிர்த்தவில்லை.

“900 ரூவா சார் ஒரு தடவைக்கு. இவருக்கும் லீவு கிடைக்கல. அத்தையும், வயித்துப் புள்ளைய எத்தனை வாட்டிதான் மிஷின்ல காட்டுவேன்னு சொன்னாங்க. போகாம விட்டுட்டேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “அன்னிக்குப் போயிருந்தா தெரிஞ்சிருக்குமா சார்?” என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை. “டாக்டர்கிட்டக் கேப்போம்மா” என்றேன். வழக்குக்குள் வராத கேள்விகளைத் தள்ளிப்போட எங்களிடம் எப்போதும் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்.

ஆபரேஷன் செய்த டாக்டரைச் சாட்சியாக அழைக்காமல் இனி முடியாது. தினமும் தியேட்டரில் நிற்கிற மனிதரை மன்றத்துக்கு இழுத்து வந்து பெஞ்சில் உட்கார வைப்பது நியாயமில்லை. 2002-இல் ஜே. ஜே. மெர்ச்சன்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது: டாக்டர் பிரமாண வாக்குமூலம் தரலாம், குறுக்கு விசாரணையை ஆணையர் ஒருவரை வைத்து வெளியே பதிவுசெய்யலாம். எங்கள் மன்றம் ஓர் இளம் பெண் வழக்கறிஞரை ஆணையராக நியமித்தது.

வாக்குமூலம் தயாரிக்க ஒருநாள் முன்னதாகப் போயிருந்தேன். இரவு எட்டு மணிவரை காக்க வைத்துவிட்டு வந்தார் டாக்டர். நெற்றியில் தியேட்டர் தொப்பியின் அழுத்தம் சிவப்பாகப் பதிந்திருந்தது. பி3-ஐ நீட்டி விஷயத்தைச் சொன்னேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“வயித்துல இருக்கிறவரைக்கும் அவன் நல்லா இருந்த புள்ளை வக்கீல் சார். வெளிய வந்த பிறகுதான் வியாதி.”

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் அன்று கோயம்புத்தூர் போயிருக்கிறேன் என்று பஸ்ஸில் திரும்பும்போது தோன்றியது. வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் டாக்டரின் அறையில் விசாரணை. ஆணையர் மடிக்கணினியோடு ஒரு மூலையில் அமர்ந்தார். சீனியர் வழக்கம்போல மிருதுவாகத் தொடங்கினார்.

“இந்தக் குழாய் மாற்றம் எப்போது உண்டாகியிருக்கும் டாக்டர்?”

“கரு உண்டான முதல் எட்டு வாரத்துக்குள்ள. இதயம் உருவாகறதே அப்பதான்.”

“அதாவது 2013 மே மாதத்துக்கு முன்னால்?”

“ரொம்ப முன்னால.”

சீனியர் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். என்ன இருந்தாலும் வக்கீல், உட்காரவில்லை. எங்கிருந்தோ ஒரு பழைய பாடநூலின் நகலை எடுத்தார். இந்தக் கோளாறுக்கு ஆறு மாதம் கழித்து ஆபரேஷன் செய்வதாக அதில் இருக்கிறது. அப்படியிருக்க, நிறுவனத்தின் முன் அனுமதிகூடப் பெறாமல் பதினோராம் நாளே செய்ய என்ன அவசரம்?

டாக்டர் முகத்தில் முதல்முறையாக உற்சாகம் வந்தது. அது பழைய ஆபரேஷன் என்றார். 1959-இல் சென்னிங், 1964-இல் மஸ்டர்ட் என்ற இரண்டு டாக்டர்கள் கண்டுபிடித்த முறைகள். அவற்றில் குழாய்களைத் தொடுவதில்லை. மேலறைகளுக்குள் தடுப்பு வைத்து ரத்தத்தைத் திசை திருப்பிவிடுவார்கள். குழந்தை பிழைக்கும். ஆனால் நுரையீரலுக்கு மட்டும் தள்ளுவதற்காக அமைந்த வலது அறை, ஆயுள் முழுக்க உடம்புக்கே தள்ள வேண்டியிருக்கும். வளர்ந்த பிறகு பலருக்கு அது தளர்ந்துவிடுகிறது. 1975-இல் பிரேசிலில் ஜாட்டெனே என்பவர் குழாய்களையே மாற்றி வெற்றிகரமாகத் தைத்த பிறகு எல்லாரும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

“அதுக்குத்தான் அவசரம்” என்றார். “பிறந்தவுடனே நுரையீரல் பக்கத்து அழுத்தம் நாளுக்கு நாள் குறையும். இந்தப் பிள்ளைக்கு இடது அறை அந்தப் பக்கம்தான் தள்ளிக்கிட்டிருக்கு. வேலை குறைஞ்சதும் அதோட சுவர் மெலிஞ்சுபோகும். முதல் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள மாத்திட்டா, உடம்புக்குத் தள்ளுற சக்தி அதுக்கு இருக்கும். ஆறு மாசம் விட்டுட்டு மாத்தினா அது தாங்காது.”

கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, அதன் இரண்டு காதுக் குழாய்களையும் குறுக்கே மாற்றிப் பிடித்துக் காட்டினார். இதயத்தை நிறுத்தி, வேலையை மெஷினுக்குக் கொடுத்து, இரண்டு குழாய்களையும் குறுக்கே வெட்டி இடம் மாற்றித் தைப்பது. அது பாதிதான். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற கொரோனரிக் குழாய்கள் பழைய இடத்திலேயே நின்றுவிடும். அவற்றைச் சுற்றிலும் சட்டைப் பொத்தான் வடிவில் சுவரோடு வெட்டியெடுத்துப் புதிய இடத்தில் ஒட்டவைக்க வேண்டும். பச்சைக் குழந்தைக்கு அந்தக் குழாயின் வாய் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர். கொஞ்சம் முறுகினாலும் இழுபட்டாலும் இதயம் திரும்ப ஓடாது. மேஜை அறையைத் திறந்து ஒரு சின்ன உறையைப் பிரித்து, தைக்கிற நூலைக் காட்டினார். வெள்ளைத்தாள் மேல் வைத்தபோதுதான் என் கண்ணுக்கு அகப்பட்டது, நீலமாக. சீனியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் நிமிர்ந்தார்.

“ஸ்டெதஸ்கோப்பைக் காட்டினார்னு டைப் பண்ணவா சார்?” என்று ஆணையர் கேட்டார். “சாட்சி செய்து காட்டி விளக்கினார்னு போடுங்கம்மா” என்று சீனியரே சொன்னார்.

பிறகு என் முறை. முந்தின இரவு பஸ்ஸில் உருட்டிக்கொண்டு வந்த கேள்வியைக் கேட்டேன். “வயிற்றில் இருந்தபோது இந்தக் குழந்தைக்கு நோய் இருந்ததா டாக்டர்?”

இல்லை என்றார். வயிற்றுப் பிள்ளைக்கு நுரையீரலில் வேலை கிடையாது, ஆக்சிஜன் தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியே வருகிறது. இதயத்துக்குள்ளும் வெளியிலும் ரத்தம் கலக்க இயற்கையாகவே இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. குழாய் எந்த அறையிலிருந்து கிளம்பினாலும் பிள்ளை வளர்ந்துவிடும். 3 கிலோ 100 கிராம் எடையே அதற்குச் சாட்சி. பிறந்து மூச்சு விட்டதும் தொப்புள்கொடி போய்விடுகிறது. முதல் ஓரிரு நாளில் அந்த வழிகள் சுருங்கத் தொடங்குகின்றன. அமைப்பு அன்றுவரை இருந்த அதே அமைப்புதான். அன்றிலிருந்து அது நோய்.

“அறிகுறி முதன்முதலில் எப்போது?”

“ரெண்டாவது நாள் சாயங்காலம். கேஸ் ஷீட்டுல இருக்கு.”

நிறுத்திக்கொண்டேன். அந்தப் பெண் கேட்ட கேள்வி என் குறிப்பு நோட்டில் கீழே எழுதியிருந்தது. பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்பது என் சீனியர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அன்று ஸ்கேனுக்குப் போயிருந்தால் தெரிந்திருக்கும் என்று டாக்டர் சொல்லி, அது பதிவாகிவிட்டால் வழக்கு கவிழும். ஆணையர் கணினியை மூடும்வரை காத்திருந்தேன். எதிர்த்தரப்பு சீனியர் காபிக்கு இறங்கிப் போனார். அப்புறம் கேட்டேன்.

டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. “தெரிஞ்சிருக்கலாம். தெரியாமலும் போயிருக்கலாம். இந்தக் கோளாறுல நாலு அறையும் ஸ்கேன்ல சரியாத்தான் தெரியும். குழாய் எங்கேருந்து கிளம்புதுன்னு தேடிப் பாக்கணும். எல்லா இடத்துலயும் தேட மாட்டாங்க.” தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். “பிரசவத்தை இங்க பக்கத்துல வச்சிருப்போம். அந்த ஆம்புலன்ஸ் பயம் மிச்சம். ஆபரேஷன் இதேதான்.”

வாதம் நடந்த நாள் எனக்கு வேலை அதிகமில்லை. மன்றத்தின் பெண் உறுப்பினர், பல வாய்தாவாக ஒரு வார்த்தை பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர், சீனியரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “முதல் நாளிலிருந்து பாதுகாப்புன்னு பிரீமியம் வாங்கியிருக்கீங்க. அந்தக் குழந்தைக்கு அந்த முதல் நாளுக்கு முன்னால ஒரு நாள் இருக்கா?” கருவுக்கும் மருத்துவ வரலாறு உண்டு என்று சீனியர் விடாமல் வாதாடினார். நன்றாகவே வாதாடினார். பாலிசியில் ஐயம் வந்தால் அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்ற 1966-ஆம் வருஷத்துச் சந்த்மல் ஜெயின் தீர்ப்பை மட்டும் காட்டிவிட்டு நான் உட்கார்ந்துவிட்டேன்.

3 லட்சம், மனு தாக்கலான நாளிலிருந்து 9 சதவீத வட்டி, மன உளைச்சலுக்கு 25,000, செலவுத்தொகை 5,000. ‘மறுபடி பார்க்கவும்’ என்பது ஸ்கேன் சரியாக விழவில்லை என்பதற்கான குறிப்பே ஒழிய நோய்க்கான ஆலோசனை ஆகாது என்று உத்தரவில் ஒரு பத்தி. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. பழைய 1986 சட்டத்தில் அதற்கு அதிகபட்சம் 25,000 ரூபாய் கட்டினால் போதும் என்பதால் எல்லா நிறுவனங்களும் போகும். இப்போது 2019 சட்டத்தில் பாதித் தொகையைக் கட்ட வேண்டும் என்று ஆன பிறகு கொஞ்சம் யோசிக்கிறார்கள். மாநில ஆணையம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்து, காசோலை கைக்கு வந்தபோது பையனுக்கு நான்கு வயது. அடகு நகை அதற்குள் ஏலத்துக்குப் போயிருந்தது.

காசோலை வாங்க இருவரும் பையனோடு வந்தார்கள். அவன் குமாஸ்தாவின் முத்திரைக் கட்டையை எடுத்துத் தன் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தான். டாக்டர் சொன்னதை அந்தப் பெண்ணிடம் அப்போதுதான் முழுசாகச் சொன்னேன். தெரிஞ்சிருக்கலாம் என்றதையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டாள். அழவில்லை. பிறகு, “அந்த ஸ்கேன் பேப்பரைத் திருப்பிக் குடுப்பாங்களா சார்?” என்றாள்.

மன்றத்தில் இருப்பது எதிர்த்தரப்பின் ஆவணம், அதை நான் கேட்டு வாங்க முடியாது என்று விளக்கி, கட்டில் இருந்த என் நகலை உருவிக் கொடுத்தேன். வலது மூலையில் ‘பி3’ என்று என் கையெழுத்து. அறிக்கைக்குக் கீழே கறுப்பு வெள்ளையில் ஒரு படம், நகலின் நகல் என்பதால் பாதி கறுத்துப்போயிருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஏங்க, இங்க பாருங்க. முதுகெலும்பு. பாசி கோத்த மாதிரி.”

அவர் எழுந்து போய்ப் பார்த்தார். பையனும் முத்திரைக் கட்டையோடு போய் இருவருக்கும் நடுவே தலையை நுழைத்தான்.